தொற்றுநோய்க் கணக்கும் பொதுமக்களும்

509 என்னும் எண்ணை வாசகர்கள் சிறிது நேரம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். 2020 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், கிழக்கு ஆபிரிக்காவிலுள்ள தன்சானியா தேசத்தின் கணக்கில் கொரோனா நோய் கண்டோர் 509 பேர், அந்நோயால் மாண்டோர் 21 பேர். அதன்பின் அத்தேசத்து அரசாங்கம் வாய்மூடிக்கொண்டது. மே கழிந்தது, ஜூன் கழிந்தது, ஆண்டொன்று முழுதாகச் சுழன்று சென்றது. உலக நாடுகளின் பட்டியலில் தன்சானியாவின் பெயருக்கு எதிரே 509 என்ற எண் கல்லில் வெட்டிய எழுத்தைப் போல் அசையாது நின்றது. நோயா நின்றது? இல்லை, எண்ணும் கை நின்றது. ஜனாதிபதி மாறியபின், 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் கணக்கு மீண்டும் தொடங்கிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசத்தில் நடந்தது. 2021 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி அத்தேசத்து அரசாங்கம், நிபுணர் குழுவொன்றின் ஆய்வை ஏற்று, கொரோனாவால் மாண்டோர் தொகையை 69,342 இலிருந்து 1,80,764 ஆகத் திருத்தி வெளியிட்டது. ஒரே நாளில் மரணத் தொகை இரண்டரை மடங்குக்கு மேலாயிற்று. சனத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கையில் உலகிலேயே மிகக் கூடிய மரணம் நேர்ந்த நாடு என்ற அவப்பெயர் பெருவுக்குக் கிடைத்தது. பட்டியலை மட்டும் பார்ப்பவனுக்குத் தன்சானியா சொர்க்கம், பெரு சுடுகாடு. உண்மையிலோ, ஒரு தேசம் தன் கண்ணைக் கட்டிக்கொண்டது. மற்றைய தேசம் தன் பிணங்களைத் தோண்டியெடுத்து எண்ணிற்று.

இன்று இதை ஏன் கிளறவேண்டும் என்று கேட்போர் இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா நெருக்கடி நிலை முடிந்ததென 2023 மே 5 ஆம் திகதியே அறிவித்துவிட்டது. ஆனால் நோய்கள் அறிவித்தல் பார்த்து வருவனவல்ல. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் டெங்குக் காய்ச்சல் கண்டோராக அறிவிக்கப்பட்டோர் 1,86,101 பேர். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் சிலர் அடுத்தடுத்து மாண்டபோது, “மர்மக் காய்ச்சல்” என்ற பேச்சுத் தெருவெங்கும் பரவிற்று. அது எலிக்காய்ச்சல் என்று பரிசோதனையில் தெளிவாகும் வரை, ஒவ்வொரு தேநீர்க்கடையிலும் ஒவ்வொரு மரணத் தொகை வழங்கிற்று. அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை எவரும் அறியார். அது வரும்போது மாலைதோறும் வானொலியும் கைத்தொலைபேசியும் எண்களைக் கொட்டும். அவ்வெண்களைப் பார்த்து வீண் பயங் கொள்வதும், வீண் தைரியங் கொள்வதும் ஒரே அறியாமையின் இரு விளைவுகள்.

முதலில், ஓர் எண் எவ்வாறு பிறக்கின்றது என்று பார்ப்போம். ஒரு கிராமத்திலே ஒருவனுக்குக் காய்ச்சல் காண்கின்றது. அவன் கைவைத்தியத்தோடு வீட்டில் கிடந்தால் அவன் எந்தக் கணக்கிலும் இல்லை. வைத்தியசாலைக்குச் சென்றாலும், பரிசோதனை செய்யாவிடில் அவன் கணக்கில் இல்லை. பரிசோதனை செய்தாலும், மாதிரி ஆய்வுகூடத்தில் நாட்கணக்காகத் தேங்கினால், இன்றைய நோயாளி அடுத்த வாரத்து நோயாளியாகவே எண்ணப்படுவான். பின்னர் அவன் பெயர் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்கும், அங்கிருந்து கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கும் சென்று, ஈற்றில் ஓர் இலக்கமாகி நம் செவிக்கு வருகின்றது. இத்தனை சல்லடைகளையும் தாண்டி வந்ததையே “இன்றைய நோயாளர் தொகை” என்கின்றோம். இன்று பரிசோதனையில் அகப்பட்டு, இன்று கணக்கில் ஏறியவர் தொகை என்பதே அதன் சரியான பெயர்.

ஆகவே பாமரனும் கேட்கவேண்டிய முதற்கேள்வி, “எத்தனை பேரில்?” என்பதாகும். கற்பனையாக இரு கிராமங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 100 பேரைப் பரிசோதித்தனர். பத்துப் பேருக்கு நோய் கண்டது. மற்றையதில் 1,000 பேரைப் பரிசோதித்தனர். நாற்பது பேருக்குக் கண்டது. மறுநாட் பத்திரிகையின் தலைப்பு இரண்டாம் கிராமத்தையே பழிக்கும். ஆனால் முதற் கிராமத்தில் நூற்றுக்குப் பத்து. இரண்டாவதில் நூற்றுக்கு நான்கு. பத்துப் பேருக்கு ஒருவர் அகப்படும் இடத்தில், வலையில் விழாத மீன் இன்னும் எவ்வளவோ உண்டு. ஊர்களைத் திறப்பதற்கு முன், பரிசோதிக்கப்பட்டோரில் நோய் கண்டோர் இரண்டு வாரமேனும் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழிருக்க வேண்டுமென 2020 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் கூறியதும் இதனாலேயே. பரிசோதனையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, நோயாளர் தொகை பாதியாகிவிட்டதெனப் பெருமை பேசும் அமைச்சர், வெப்பமானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் தீர்ந்ததென்னும் பரிகாரியை ஒத்தவர்.

இரண்டாவது கேள்வி, “எதை நோயென்றீர்கள்? எதை நோயால் வந்த மரணமென்றீர்கள்?” என்பது. 2020 பெப்ரவரி 12 ஆம் திகதிக் கணக்கில் சீன தேசத்து ஹூபே மாகாணம் ஒரே நாளில் 14,840 புதிய நோயாளரைக் காட்டிற்று. உலகம் நடுங்கிற்று. அத்தொகையில் 13,332 பேர், ஆய்வுகூடச் சான்று இல்லாதபோதும் வைத்தியர் பார்த்து நோயென்று துணிந்தவர்கள். அன்றுவரை அத்தகையோரைக் கணக்கிற் சேர்க்கவில்லை. மாறியது வரைவிலக்கணம் மட்டுமே. அதே ஆண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி பிரித்தானியாவில் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. நோய் உறுதியான 28 நாட்களுக்குள் மாண்டோரை மட்டுமே எண்ணுவதென முடிவு செய்தனர். 46,706 ஆக இருந்த மரணத் தொகை 41,329 ஆயிற்று. மாண்டவர் 5,377 பேர் உயிர்த்தெழவில்லை. ஏட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சென்றனர். ஆதலால் ஒரு தேசத்து எண்ணை மற்றொரு தேசத்து எண்ணோடு வைத்து, “நாம் அவர்களிலும் மேல்” என்று மார்தட்டுமுன், இருவரும் ஒரே மரக்காலால் அளந்தனரா என்று பார்த்தல் நன்று.

சாதாரண எழுதுவினைஞர் பிழைகளும் உண்டு. 2020 செப்ரெம்பர் இறுதியில் இங்கிலாந்தின் கணக்கிலிருந்து 15,841 நோயாளர் விடுபட்டுப் போயினர். காரணம், பழைய வகைக் கணினி அட்டவணையொன்று 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாமையேயாம். வரி முடிந்தது, எஞ்சிய மாந்தர் மறைந்தனர். உலகிற் பெரிய வல்லரசுகளில் ஒன்றின் நிலை அது. நம் பிரதேசப் பணிமனைகளிற் பிழை நேர்ந்தால் அதை மறைக்காது திருத்துவோரை நாம் ஏசலாகாது.

திகதியைப் பற்றியும் ஒரு சொல். இன்று அறிவிக்கப்பட்ட மரணம் இன்று நேர்ந்த மரணமன்று. 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கை அரசாங்கம் விடுத்த அறிக்கைகளை நினைவுகூர்வோர், ஒரு நாளின் தொகையில் பல வாரங்களுக்கு முன் மாண்டவர்களும் சேர்க்கப்பட்டிருந்தமையை அறிவர். தலைப்பை வாசித்தவன், ஒரே இரவில் அத்தனை பேர் இறந்தனர் என்று நினைத்தான். மரணம் நேர்ந்த திகதிப்படி அடுக்கினாலன்றி, நோய் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பது தெரியாது. நோய் கண்டு சில வாரங்கள் கழிந்தே மரணம் வருமாதலால், நோயாளர் தொகை குறையத் தொடங்கியபின்னும் மரணத் தொகை ஏறிக்கொண்டிருக்கும். இஃதறியாதோர், “ஊரடங்குச் சட்டம் போட்டும் சாவு குறையவில்லையே” என்று பொறுமையிழந்து பேசினர்.

இலங்கையில் கொரோனா கண்டோராகப் பதிவானவர் மொத்தம் ஏறத்தாழ 6,72,000 பேர். மாண்டோர் ஏறத்தாழ 16,800 பேர். வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டரை. “நோய் வந்தால் நூற்றில் இரண்டரைப் பேர் சாவர்” என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. நோய் வந்தும் பரிசோதிக்கப்படாதோர் வகுக்கும் எண்ணில் இல்லை. ஆதலால் விகிதம் உண்மையிலும் பெரிதாகத் தோன்றுகின்றது. 2020 பெப்ரவரியில் யப்பானின் யோகோகாமாத் துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்ட டைமண்ட் பிரின்ஸஸ் என்னும் கப்பலில் 3,711 பேர் இருந்தனர். ஏறக்குறைய யாவரையும் பரிசோதித்தனர்; 712 பேருக்கு நோயிருந்தது. அவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம், பரிசோதனை வேளையில், இருமலுமில்லை, காய்ச்சலுமில்லை. தேடாவிட்டால் அவர்கள் எக்கணக்கிலும் ஏறியிரார்.

தடுப்பூசி பற்றிய வாதத்திலும் இதே வகுத்தற் பிழைதான் பலரை இடறவைத்தது. “வைத்தியசாலையிற் கிடப்போரிற் பெரும்பாலார் ஊசி ஏற்றியவர்களே, ஆகவே ஊசியாற் பயனில்லை” என்று படித்தவர்களும் பேசக் கேட்டோம். ஆயிரம் பேர் வாழும் ஊரில் 900 பேர் ஊசி ஏற்றியவர், 100 பேர் ஏற்றாதவர் என வைத்துக்கொள்வோம். ஏற்றியவருள் ஒன்பது பேரும் ஏற்றாதவருள் ஆறு பேரும் வைத்தியசாலை சென்றால், கட்டில்களை எண்ணுபவனுக்கு ஒன்பதே பெரிது. ஆனால் முன்னையோரில் நூற்றுக்கு ஒருவர். பின்னையோரில் நூற்றுக்கு அறுவர். சந்தைக் கணக்கில் தேங்காய் வாங்கத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும். நோய் இரட்டித்துப் பெருகுவதும் அவ்வாறே. இன்று நூறு பேர் என்றும், மூன்று நாளுக்கொருமுறை இரட்டிக்கின்றது என்றும் கொண்டால், முப்பதாம் நாள் 1,02,400 பேர். பத்தாம் நாளிற் சிரித்தவன் இருபத்தைந்தாம் நாளில் அழுவது இதனாலேயே.

இத்தனை ஓட்டைகள் உள்ள கணக்கை நம்புவதெப்படி என்று வாசகர் கேட்கலாம். இதற்கு விடை கண்டவர் வைத்தியருமல்லர், பல்கலைக்கழகப் பேராசிரியருமல்லர். இலண்டன் மாநகரில் துணிமணி விற்ற ஜோன் கிரோண்ட் என்னும் வியாபாரியே அவர். இலண்டனில் அக்காலத்தில் வாரந்தோறும் மரணப் பட்டியல் அச்சிட்டு விற்றனர். ஒவ்வொரு கோவிற்பற்றிலும் வயது முதிர்ந்த பெண்கள் சிலர், மரண வீட்டுக்குச் சென்று பிணத்தைப் பார்த்து, இன்ன நோயென்று சொல்ல நியமிக்கப்பட்டிருந்தனர். அப்பட்டியல்களை ஆண்டுக்கணக்கில் அடுக்கிவைத்து ஆராய்ந்த கிரோண்ட், 1662 இல் ஒரு நூல் வெளியிட்டார்.

1625 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயைப் பற்றி அவர் கண்டதை இங்கே விரித்துரைத்தல் தகும். அவ்வாண்டில் இலண்டனில் புதைக்கப்பட்டோர் 54,265 பேர். அவர்களுள் கொள்ளைநோயால் மாண்டோர் எனப் பட்டியல் காட்டியது 35,417. எஞ்சிய 18,848 பேர் வேறு நோய்களால் மாண்டனராம். கிரோண்ட் முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளைப் புரட்டினார். சாதாரண ஆண்டுகளில் இலண்டனில் எல்லாக் காரணங்களாலும் மாண்டோர் ஏழாயிரத்துக்கும் எட்டாயிரத்துக்கும் இடைப்பட்டோரே. அப்படியாயின், கொள்ளைநோய் வந்த ஆண்டில் “வேறு நோய்கள்” மட்டும் ஏன் 11,000 உயிர்களை மேலதிகமாகக் கொண்டுபோயின? அந்த 11,000 பேரும் கொள்ளைநோயால் மாண்டு, வேறு பெயரில் எழுதப்பட்டவர்களே என்று அவர் முடிவு செய்தார். நோயின் பெயரை மாற்றி எழுதலாம். பிணத்தை இல்லையென்று எழுதுதல் அரிது. ஆதலால் நோயின் பெயர் சொல்லும் கணக்கை ஐயுற்றால், மொத்தச் சாவின் கணக்கைப் பார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் செய்ததும் கிரோண்ட் செய்ததேயாம். 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலக நாடுகள் அறிவித்த கொரோனா மரணங்கள் ஏறத்தாழ 54 இலட்சம். வழமைக்கு மேலதிகமாக நேர்ந்த மரணங்களோ ஒரு கோடி 49 இலட்சமென அந்நிறுவனம் மதிப்பிட்டது. ஒரு கோடி 33 இலட்சத்துக்கும் ஒரு கோடி 66 இலட்சத்துக்கும் இடையில் இருக்கலாமென எல்லையும் கூறிற்று. இந்தியா அறிவித்தது ஏறத்தாழ 4 இலட்சத்து 81 ஆயிரம். நிறுவனத்தின் மதிப்பீடு 47 இலட்சம். இந்திய அரசாங்கம் அம்மதிப்பீட்டு முறையை மறுத்துரைத்தது. மதிப்பீடு என்பது எண்ணிக்கையன்று என்பதையும், பதிவு குறைந்த இடங்களிற் கணித முறையைக் கொண்டே இடைவெளியை நிரப்பினர் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும், பதிவேடு செம்மையாக இருந்த நாடுகளில் இவ்விவாதத்துக்கே பெரிதாக இடமிருக்கவில்லை என்பதையும் காணவேண்டும். அமெரிக்காவிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2020 ஜனவரி 22 முதல் 2023 மார்ச் 10 வரை நடத்திய உலக நோய் வரைபடத்தை நம்மவரும் நாடோறும் பார்த்தனர். அந்தப் பேரறிஞர்களாலும் தன்சானியாவின் 509 ஐ அசைக்க முடியவில்லை. அரசாங்கங்கள் கொடுத்ததையே அவர்கள் அடுக்கினர்.

இத்துறையில் இலங்கை ஏழை நாடன்று என்பதைப் பெருமையோடு கூறலாம். பிறப்பு இறப்புப் பதிவு இத்தீவில் 1867 இல் தொடங்கி, 1897 முதல் கட்டாயமாக்கப்பட்டது. 1934 இறுதியில் மழை பொய்த்து, களனி கங்கையும் மகா ஓயாவும் குட்டைகளாய்த் தேங்கியபோது, கேகாலை, குருணாகல் பகுதிகளில் மலேரியா பேயாட்டம் ஆடிற்று. 1935 ஏப்ரில் வரையில் மாண்டோர் ஏறத்தாழ 80,000 பேரென மதிப்பிட்டனர். கிராமத்துப் பதிவாளர் வைத்தியரல்லர். காய்ச்சலென்றும் வலிப்பென்றும் பலவீனமென்றும் வீட்டார் சொன்னதையே எழுதினர். நோயின் பெயரை நம்பியிருந்தால் அக்கொடுமையின் அளவு மறைந்தே போயிருக்கும். மொத்தச் சாவின் ஏடு அதைக் காட்டிக்கொடுத்தது. பின்னர், 1946 இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் 14 ஆக வீழ்ந்தபோது, அது டி.டி.ரி. மருந்தின் பயனா, உணவும் வைத்திய வசதியும் பெருகியதன் பயனா என்று மேல்நாட்டறிஞர் பல ஆண்டுகள் வாதிட்டனர். அவ்வாதத்துக்கு ஆதாரமாய் நின்றவை நம் பதிவாளர்களின் ஏடுகள்.

அந்த ஏடு எப்போதும் அரசாங்கத்துக்கு எதிராகவே பேசும் என்று எண்ணலாகாது. 2020 ஆம் ஆண்டில் இலங்கையிற் பதிவான மொத்த மரணங்கள் 2019 இலும் குறைந்தன. “அரசாங்கம் ஆயிரக்கணக்கான பிணங்களை மறைக்கின்றது” என்று அவ்வாண்டில் உலவிய வதந்திகளுக்கு இதனிலும் சிறந்த மறுப்பு வேறில்லை. 2021 இல் அத்தொகை ஏறிற்று; கொடுமை நிகழ்ந்த ஆண்டு அதுவே.

இனி, நம் நெஞ்சை உறுத்தும் பகுதிக்கு வருவோம். 1625 இல் இலண்டன் மக்கள் கொள்ளைநோய் மரணத்தை ஏன் வேறு பெயரில் எழுதுவித்தனர்? கொள்ளைநோய் என்று எழுதினால், வீட்டிலுள்ள யாவரையும், நோயுற்றவரோடு நோயற்றவரையும் சேர்த்து, உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிடுவது அந்நாட்டுச் சட்டம். அதற்கஞ்சியவன் பிணம் பார்க்க வந்த கிழவியின் கையில் எதையாவது வைத்திரான் என்று யார் சொல்வர்? வேறொரு நோயைப் பற்றி எழுதுமிடத்தில், மதுவும் இருமடங்கு கூலியும் பெற்ற அக்கிழவியருக்குப் பார்வை மங்கிவிடும் என்று கிரோண்டே குத்திக்காட்டுகின்றார். எண்ணப்படுவது தண்டனையாகும்போது எண்ணிக்கை பொய்யாகின்றது.

நம் நாட்டில் நடந்தது யாது? 2020 ஏப்ரில் முதல், கொரோனாவால் மாண்ட எவரையும் எரித்தே தீரவேண்டுமென அரசாங்கம் விதித்தது. புதைப்பதற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இடமளித்திருந்தது. இங்கோ நிலத்தடி நீர் நஞ்சாகுமென்றனர். அதற்கு ஆதாரம் காட்டவில்லை. புதைத்தலைச் சமயக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் மக்களும் கிறிஸ்தவ மக்களும் எவ்வளவு மன்றாடியும் பயனில்லை. 2020 டிசம்பர் 1 ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளிவிட்டது. அம்மாதத்தில் பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையின் உடலும் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. சில குடும்பத்தினர் தம் உறவினரின் உடலைப் பொறுப்பேற்கவே மறுத்தனர். 2021 பெப்ரவரி இறுதியில்தான் விதி தளர்ந்தது. முதலிற் காட்டிய இடம் இரணைதீவு. அத்தீவு மக்கள் எதிர்த்தனர். பின்னர் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் ஓரிடம் ஒதுக்கப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரிற்று.

இது சமய உரிமைப் பிரச்சினை என்று மட்டும் பலர் கருதினர். சமய உரிமையைப் பறித்தது பெருங்குற்றமே. அதில் இரு கருத்துக்கிடமில்லை. ஆயினும் அஃது எண்ணிக்கையின் வேரிலும் வெந்நீர் ஊற்றிய செயல் என்பதை எத்தனை பேர் கண்டனர்? வைத்தியசாலையில் இறந்தால் உடலை எரித்துவிடுவர் என்று அறிந்த ஒரு மகன், மூச்சுத் திணறும் தந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவானா, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பானா? பொறுத்துப் பார்த்த ஒரு நாளில் அவ்வீட்டில் இன்னும் எத்தனை பேருக்கு நோய் தொற்றும்? இறந்தவரின் நோயை அயலவருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒளிப்பதில் அவனுக்கு எத்துணை அவசரம் இருக்கும்? விஞ்ஞானத்தின் பெயரால் விதித்த விதி, விஞ்ஞானத்துக்கு வேண்டிய முதற் பொருளாகிய மெய்க்கணக்கையே கெடுக்கவல்லதாயிற்று. பேலியகொடை மீன் சந்தை முதலிய இடங்களின் பெயரால் “கொத்தணி” என்று நாடோறும் அறிவித்தபோதும் இதுவே நேர்ந்தது. நோயாளன் ஓர் ஊரின் அவமானமானான். அவ்வூர்ப் பெயரைச் சொன்னாற் கடைக்காரன் கதவடைத்தான். அடுத்த ஊரான் தன் காய்ச்சலை வெளியிற் சொல்வானா?

கணக்குக் குறைந்துவிட்டது என்று கண் அயர்வதன் விலை யாதென்பதும் நமக்குப் புதிதன்று. 1963 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. பதினேழு! இலட்சக்கணக்கானோரை வாட்டிய நோய் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் அடங்கிவிட்டது. மருந்து தெளிப்பதை நிறுத்தினர். இரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலையும் தளர்ந்தது. 1967 இறுதியில் நோய் மீண்டும் எழுந்தது. 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பின்னர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு பாடுபட்டே, 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடென்ற சான்றிதழை இலங்கை பெற்றது. அச்சான்றிதழைப் பெற்றபின்னும், வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு காய்ச்சற்காரனின் இரத்தத்தையும் தேடிச் சோதிக்கவேண்டியிருக்கின்றது. பூச்சியம் என்ற எண்ணைக் காப்பதற்கே எண்ணுபவர் மிக அதிகம் தேவை. செலவைக் குறைக்கும் திறைசேரி அதிகாரிகள் இதை விளங்கிக்கொள்வதாகத் தெரியவில்லை.

ஆதலால் அரசாங்கத்திடம் நாம் கேட்பது பெரிய ஆராய்ச்சி மண்டபமன்று. நோயாளர் தொகையைச் சொல்லும் போதெல்லாம் பரிசோதிக்கப்பட்டோர் தொகையையும் சேர்த்துச் சொல்லட்டும். மரணங்களை நேர்ந்த திகதிப்படி அடுக்கட்டும். வரைவிலக்கணத்தை மாற்றினால், மாற்றிய அன்றே மாற்றினோம் என்று அறிவிக்கட்டும். திருத்தம் வந்தால் பெருவைப் போல் வெளிப்படையாகத் திருத்தட்டும். அவ்வாறு திருத்தும் அதிகாரியைப் பத்திரிகைகளாகிய நாமும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதிருப்போம். நோயுற்றவனையும் அவன் பிணத்தையும், நோயைச் சொன்ன குற்றத்துக்காகத் தண்டிக்கும் விதி எதுவும் இனி இந்நாட்டில் எழுதப்படலாகாது.

இன்னுமொன்று. பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் ஒவ்வொரு மாவட்டத்து மரணமும் ஏறுகின்றது. அவ்வெண்கள் ஆண்டறிக்கையாகித் தூசு தட்டும் வரை பொதுமக்கள் காத்திருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு பிரதேச செயலகத்தின் அறிவித்தற் பலகையிலும், சென்ற மாதத்தில் அப்பிரதேசத்தில் மாண்டோர் எத்தனை பேர், முந்திய ஐந்து ஆண்டுகளில் அதே மாதத்தில் சராசரியாக மாண்டோர் எத்தனை பேர் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டட்டும். இரண்டே எண்கள். ஒரு தாளும் சிறிது பசையும் போதும்.